புளோரிடாக் கரையில் சொந்தப் படகுத்துறை: பத்திரம் முதல் புயற்காலம் வரை முழுமையான வழிகாட்டி

தாம்பா, ஜாக்சன்வில், மயாமி போன்ற இடங்களில் நீர்முகப்பு வீடு வாங்கும் தமிழர்களில் பலர், பின்புறத்துப் படகுத்துறையும் வீட்டோடு சேர்ந்து தமக்கு வந்துவிட்டதாகவே எண்ணுகிறார்கள். பலகைகளும் தூண்களும் உண்மையிலேயே அவர்களுடையவைதான். ஆனால் அந்தத் தூண்கள் ஊன்றியிருக்கும் நீரடி நிலம் பெரும்பாலும் மாநில மக்கள் அனைவருக்கும் பொதுவானது. அதன் மேல் துறை நிற்பதற்குக் கிடைத்திருப்பது ஓர் இசைவு மட்டுமே. துறையைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும் வாடகைக்கு விடுவதும் இடிந்தபின் மீண்டும் எழுப்புவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே நடப்பதால், இதைத் தெளிவாக மனத்தில் கொண்டு தொடங்குவது நல்லது.

படி 1: நீரடி நிலம் யாருடையது என்று உறுதி செய்யுங்கள்

புளோரிடா 1845 மார்ச் 3 அன்று அமெரிக்க ஒன்றியத்தில் மாநிலமாகச் சேர்ந்தபோது, படகு செல்லக்கூடிய நீர்நிலைகளின் அடிநிலம் மாநிலத்தின் உரிமையாயிற்று. இன்று ஆளுநரும் அவருடைய அமைச்சரவையும் அறங்காவலர் குழுவாக இருந்து மக்கள் சார்பில் அதை வைத்திருக்கிறார்கள். அன்றாட நிர்வாகத்தை மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை கவனிக்கிறது. கடலோரத்தில் உங்கள் மனையின் எல்லை, ஓதம் ஏறும்போது நீர் சராசரியாக எட்டும் சராசரி உயர்ஓதக் கோட்டோடு முடிகிறது. அதற்கு அப்பால் உங்களுக்கு இருப்பது கரையுரிமை: தண்ணீருக்குச் சென்றுவர, படகு விட, குளிக்க, மீன்பிடிக்க உள்ள உரிமை.

இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. மேட்டு நிலத்தை வெட்டி உருவாக்கிய கால்வாய்களின் அடிநிலம் பொதுவாக மாநில நிலமாகாது. அது தனியாரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ இருக்கலாம். ஹில்ஸ்பரோ மாவட்டத்தில் தாம்பா துறைமுக நிர்வாகத்திடமும் தனியாக அனுமதி பெற வேண்டும். ஆகவே வீடு வாங்குமுன் உரிமை ஆய்வு செய்யும் நிறுவனத்திடம் மனையைப் பற்றி மட்டும் கேட்காமல், நீரடி நிலத்தைப் பற்றியும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 2: இருக்கும் துறையைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்

முந்தைய உரிமையாளர் அனுமதி பெற்ற துறை ஒன்றாகவும் கட்டிய துறை வேறொன்றாகவும் இருப்பது மிகச் சாதாரணம். நான்கடி அகல நடைபாதை ஆறடியாகியிருக்கும். நுனி மேடைக்கு ஒரு கூரை முளைத்திருக்கும். பக்கத்தில், படகைத் தண்ணீருக்கு மேலே உயர்த்தி வைக்கும் படகுத் தூக்கி ஒன்று கூடுதலாக நிற்கும். மாநில அலுவலகத்திலும் நகராட்சி அல்லது மாவட்டக் கட்டட அலுவலகத்திலும் பழைய கோப்புகளைக் கேட்டுப் பெறலாம். அந்த வரைபடத்தையும் ஓர் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு போய், நீளம், அகலம், நுனி மேடையின் பரப்பு, கூரை, தூக்கி ஆகிய ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். வேறுபாடு இருந்தால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு விற்பவருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பத்திரம் கைமாறிய பிறகு அனுமதியற்ற பகுதிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தண்ணீருக்குள் உங்கள் கரையுரிமையை அண்டை வீட்டாருடையதிலிருந்து பிரிக்கும் கரையுரிமைக் கோட்டையும் இதே நேரத்தில் அளவையாளரைக் கொண்டு வரைந்து வாங்குவது நல்லது. மனையின் பக்க எல்லைகளைத் தண்ணீருக்குள் நேராக நீட்டினால் கரையுரிமைக் கோடு கிடைத்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 1957 இல் ஹேஸ் எதிர் போமன் வழக்கில் புளோரிடா உச்ச நீதிமன்றம், படகு செல்லும் ஆழ்கால்வாயை நோக்கி, அண்டை மனைகளுக்கு இடையே நியாயமாகப் பங்கிடும் வகையில் இந்த உரிமைப் பரப்பு அமைய வேண்டும் என்றது. கரை வளைந்திருக்கும் குடாவில் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும். அண்டை வீட்டாருடன் வரும் பூசல்களில் பெரும்பகுதி இந்த வளைவுகளில்தான் பிறக்கிறது.

படி 3: எந்தெந்த அனுமதி தேவை என்று வரிசைப்படுத்துங்கள்

மூன்று அடுக்குகள் இருக்கின்றன. மாநில அனுமதி முதலாவது. 1899 ஆம் ஆண்டின் ஆறுகள், துறைமுகங்கள் சட்டத்தின் 10 ஆம் பிரிவின் கீழ் அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையின் ஒப்புதல் இரண்டாவது. உள்ளூர்க் கட்டட அனுமதி மூன்றாவது. சிறிய வீட்டுத் துறைகளுக்குப் பொறியாளர் படையின் ஒப்புதலையும் சேர்த்தே மாநிலச் சுற்றுச்சூழல் துறை வழங்கும் ஏற்பாடு பல நேர்வுகளில் இருப்பதால், முதலில் மாநிலத்தை அணுகுவது எளிது. மயாமி-டேட் மாவட்டத்தில் மாவட்டச் சுற்றுச்சூழல் பிரிவின் தனி அனுமதி வேண்டும். பினெல்லாஸ் மாவட்டத்திலும் உள்ளூர் நீர்வழி விதிகள் தனியாக இருக்கின்றன.

மாநிலச் சட்டம் சிறிய துறைகளுக்கு விலக்கு அளிக்கிறது. தூண்களின் மேல் நிற்கும் அல்லது மிதக்கும் தனிப்பயன் துறை, சாதாரண நீர்நிலையில் 1,000 சதுர அடிக்குள்ளும், சிறப்புப் பாதுகாப்புப் பெற்ற நீர்நிலைகளில் 500 சதுர அடிக்குள்ளும் இருந்து, வணிகத்துக்குப் பயன்படாமலும் நீரோட்டத்தையும் படகுப் போக்குவரத்தையும் தடுக்காமலும் இருந்தால், முழு அனுமதி நடைமுறை தேவைப்படாது. தகுதியுள்ள வீட்டுத் துறைகளுக்கு மாநிலத் துறையின் இணையதளத்தில் உரிமையாளரே சான்றளித்துப் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. அந்தச் சான்றில் நீங்கள் சொல்லும் ஒவ்வோர் அளவுக்கும் நீங்களே பொறுப்பு என்பதால், ஒப்பந்தக்காரரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து ஒதுங்கிவிடாமல் நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள்.

மாநில நீரடி நிலத்தின் மேல் கட்டும் துறை, பக்கத்துக் கரையுரிமைக் கோட்டிலிருந்து 25 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது பொது விதி. கரையை ஒட்டியே நீளவாக்கில் அமையும் துறைக்கு 10 அடி போதும். உங்கள் கரையின் நீளம் 65 அடிக்குக் குறைவென்றாலோ, பாதிக்கப்படும் அண்டை வீட்டார் எழுத்தில் இசைந்தாலோ தளர்வு உண்டு. அந்த இசைவுக் கடிதத்தை நட்பின் பேரில் வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். அண்டை வீடு நாளை வேறொருவர் கைக்கு மாறும்.

மாநிலத்தில் 40 க்கும் மேற்பட்ட நீர்வாழ் காப்பகங்கள் இருக்கின்றன. உங்கள் மனை அவற்றில் ஒன்றை ஒட்டியிருந்தால் விதிகள் இறுகும்: நடைபாதை அகலம் 4 அடி, நுனி மேடை 160 சதுர அடி, துறையின் நீளம் 500 அடி அல்லது நீர்நிலை அகலத்தில் 20 விழுக்காடு, இவ்விரண்டில் எது குறைவோ அது. ஓதம் இறங்கிய வற்றநீரிலும் படகின் அடிப்பாகத்துக்கும் கடற்புல்லின் நுனிக்கும் இடையே ஓர் அடி இடைவெளி இருக்கும்படி படகு நிறுத்துமிடம் அமைய வேண்டும்.

படி 4: சிறிதாகவும் வெளிச்சம் புகும்படியும் வடிவமையுங்கள்

பெரிய மேடையும் அகலமான கூரையும் வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருவதுதான். என்னுடைய உறுதியான கருத்து, படகில் ஏறி இறங்கவும் இருவர் அமரவும் போதுமான இடத்துக்கு மேல் தண்ணீரின் மீது கட்டக்கூடாது என்பது. அனுமதி எளிதாகும், செலவு குறையும், புயலுக்கு இரையாகும் பரப்பும் குறையும். இவற்றையெல்லாம் விட முக்கியமான காரணம் துறையின் நிழலில் இருக்கிறது.

கடற்புல் பூக்கும் தாவரம். சூரிய ஒளி இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. தாழ்வான, இடைவெளியில்லாத பலகைத் தளத்தின் கீழே சில பருவங்களில் வெறும் மணல்தான் மிஞ்சும். கிழக்குக் கரையில் இந்தியன் ஆற்றுக் காயலில் 2011 முதல் பாசிப் பெருக்கத்தால் நீர் கலங்கிக் கடற்புல் வெளிகள் பெருமளவு அழிந்தன. அதைத் தின்று வாழும் மேனட்டி என்னும் கடல்வாழ் பாலூட்டிகள் பட்டினியால் செத்து ஒதுங்கின. 2021 ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதும் இறந்த மேனட்டிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,100. பாக் விரிகுடாவில் தமிழ்நாடு அரசு 2022 இல் காப்பகம் அறிவித்த ஆவுளியா என்னும் கடற்பசுவின் உறவுக்காரி இது. இரண்டுக்கும் உணவு ஒன்றே. ஒரு வீட்டுத் துறையின் நிழல் அந்தப் பேரழிவைக் கொண்டுவரவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான துறைகளின் நிழல் கூடிக்கூடி எஞ்சிய புல்வெளியைத் தின்கிறது. இதில் நம் பங்கைக் குறைப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியவை எளியவை. பொறியாளர் படையும் தேசியக் கடல் மீன்வளத் துறையும் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதலின்படி, கடற்புல்லின் மேல் செல்லும் நடைபாதை சராசரி உயர்ஓதத்துக்கு 5 அடி மேலே, 4 அடிக்கு மிகாத அகலத்தில், பலகைகளுக்கு இடையே அரை அங்குல இடைவெளியுடன் இருக்க வேண்டும். மரப்பலகைக்குப் பதில், பரப்பில் 43 விழுக்காடு திறந்திருக்கும் வலைத்தட்டுகளைப் போட்டால் ஒளி இன்னும் தாராளமாக இறங்கும். இடம் அனுமதித்தால் துறையை வடக்கு தெற்காக நீட்டுங்கள். நிழல் பகல் முழுவதும் ஒரே இடத்தில் தங்காமல் நகர்ந்துகொண்டிருக்கும். கடற்புல் கணக்கெடுப்பை ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வளர்பருவத்தில்தான் செய்ய வேண்டும். குளிர்காலத்தில் எடுத்த கணக்கை அலுவலர்கள் ஏற்பதில்லை.

கரையில் அலையாத்தி மரங்கள் இருந்தால் அவற்றை வெட்டித் தண்ணீரைப் பார்க்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். பிச்சாவரத்தில் நாம் பார்க்கும் சுரபுன்னையும் இங்குள்ள சிவப்பு அலையாத்தியும் ஒரே பேரினம். அலையை அடக்கிக் கரையைக் காக்கும் வேலையை இரண்டும் ஒன்றுபோலவே செய்கின்றன. 1996 ஆம் ஆண்டின் சட்டப்படி, கரையோரக் குறுகிய வரிசையாக இருக்கும், 10 அடிக்கு மேற்படாத மரங்களை உரிமையாளர் தாமே கத்தரிக்கலாம். ஆனால் 6 அடிக்குக் கீழே கொண்டுவரக்கூடாது. அதற்கு மேல் உயர்ந்தவற்றுக்குத் தகுதிபெற்ற கத்தரிப்பாளர் வேண்டும்.

படி 5: பொருளையும் ஒப்பந்தக்காரரையும் தேர்ந்தெடுங்கள்

உப்புநீரில் மரத்தூணுக்கு எமன் கப்பற்புழு. அது உண்மையில் சிப்பி இனம்; குண்டூசித் தலை அளவு துளையில் நுழைந்து, வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே சுரங்கமாகத் தின்னும். ஆகவே செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த காப்புமருந்தைக் கன அடிக்கு 2.5 பவுண்டு அளவுக்கு ஏற்றிய பைன் மரத்தூண்களையே கேளுங்கள். வேலிக்காலுக்குப் போதுமான 0.4 பவுண்டு மருந்து கடலில் சில ஆண்டுகளே தாங்கும். தூணின் நுனியில் அடித்திருக்கும் தகட்டில் இந்த எண் இருக்கும். தூண்களை லாரியிலிருந்து இறக்கும்போதே அதைப் பார்த்துப் புகைப்படம் எடுத்துவிடுங்கள், ஏனெனில் மேல்நுனியை மட்டமாக அறுக்கும்போது தகடும் போய்விடும். அறுத்த முகத்திலும் போல்ட் துளைகளிலும் மருந்து பூசி, நுனிக்குத் தொப்பி மாட்ட வேண்டும். ஓத மட்டத்தில் பிளாஸ்டிக் உறை சுற்றிய தூண்கள் விலை கூடியவை. அந்தக் கூடுதல் செலவு வீணாகாது.

போல்ட்டும் திருகும் 316 தர எவர்சில்வராகவோ கனமாகத் துத்தநாகம் தோய்த்தவையாகவோ இருக்கட்டும். இரண்டையும் ஒரே இணைப்பில் கலக்கக்கூடாது. உப்புநீர் பட்டதும் துத்தநாகப் பூச்சு விரைவில் அரித்துப் போகும். அலுமினியத் தூக்கியின் சட்டம் செம்பு மருந்தேற்றிய மரத்தை நேரடியாகத் தொடும் இடத்தில் நடுவே ஒரு பிளாஸ்டிக் தகடு வையுங்கள்.

ஒப்பந்தக்காரரின் உரிமத்தையும் தொழிலாளர் காப்பீட்டையும் சரிபார்த்த பிறகு, தண்ணீர் கலங்காமலிருக்கத் தடுப்புத்திரை கட்டுவாரா என்று கேளுங்கள். வேலை நடக்கும்போது மேனட்டி 50 அடிக்குள் வந்தால் தண்ணீரிலுள்ள எல்லா வேலையும் நிற்க வேண்டும்; அது தானாக விலகிச் சென்ற பிறகோ, 30 நிமிடம் கண்ணில் படாமல் இருந்த பிறகோதான் தொடரலாம். விரட்டவோ கூட்டிச் செல்லவோ கூடாது.

படி 6: மின்சாரத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம்

துறையில் உயிர் போகும் இடம் இது. பழுதான கம்பியிலிருந்து தண்ணீருக்குள் கசியும் மின்சாரம், அருகில் நீந்துபவரின் தசைகளை இயங்காமல் செய்துவிடும்; அவர் சத்தமே இல்லாமல் மூழ்குவார். உப்புநீரை விட நன்னீரில் ஆபத்து அதிகம், ஏனெனில் அங்கே தண்ணீரை விட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துகிறது. செயின்ட் ஜான்ஸ் போன்ற ஆறுகளின் மேற்பகுதிகளிலும் கால்வாய்களிலும் வீடு உள்ளவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

துறைக்குச் செல்லும் இணைப்பு, விளக்குகள், தூக்கியின் மோட்டார் ஆகிய அனைத்துக்கும் கசிவு கண்டால் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்க வேண்டும். அதை மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு முழு அமைப்பையும் பாருங்கள். மின்சாரம் ஓடும் துறையைச் சுற்றி யாரையும் நீந்த விடாதீர்கள். நீந்தும் ஒருவர் உடம்பு சுரீரென்கிறது என்று கத்தினால், கரையில் இருப்பவர் முதலில் முதன்மைச் சுவிட்சை அணைக்க வேண்டும். உதவப் பாய்ந்தால் அவரும் சேர்ந்து சாவார். தண்ணீரில் இருப்பவர் ஏணியைப் பிடிக்க வராமல் துறையிலிருந்து விலகி நீந்த வேண்டும். மின்பெட்டியை எங்கே, எப்படி அணைப்பது என்பதை வீட்டில் பெரிய பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

படி 7: ஆண்டுதோறும் வற்றநீரில் சோதியுங்கள்

புயற்காலம் தொடங்கும் ஜூனுக்கு முன், ஏப்ரலிலோ மே மாதத்திலோ, ஓதம் மிகவும் வற்றும் நாளொன்றைத் தேர்ந்தெடுங்கள். சுத்தியல், திருப்புளி, சுரண்டி, கையுறை, கெட்டியான காலணி எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பி ஒட்டிய தூணில் வெறுங்கை பட்டால் கத்தியாகக் கிழிக்கும், அந்தப் புண்ணில் கோடைக் கடல்நீரின் கிருமி ஏறினால் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும்.

தூணின் மேல்பகுதி எப்போதும் நலமாகவே தெரியும். பார்க்க வேண்டியது ஏற்றநீர் மட்டத்துக்கும் சேற்று மட்டத்துக்கும் இடைப்பட்ட பகுதி. ஓதம் ஏறி இறங்கும் வளையத்தில் தூண் உடுக்கையின் இடையாக ஒடுங்கியிருந்தால், மரத்தை வெளியிலிருந்து அரிக்கும் நுண்ணிய கணுக்காலிகளின் வேலை அது. ஓரிடத்தில் சிப்பிகளைச் சுரண்டிவிட்டுச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே கப்பற்புழு தின்ற மரம் மந்தமாக, பொத்தென்று ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் திருப்புளியைக் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தத் தூணைக் குறித்து வைத்துக்கொண்டு முக்குளிப்பவரைக் கொண்டு அடிவரை பார்க்கச் சொல்ல வேண்டும். விட்டத்தில் பாதி போன தூணைத் தாமதிக்காமல் மாற்றுங்கள்.

அடுத்ததாகத் தளத்தின் அடிப்பக்கம். விட்டங்களைத் தூணோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு வழிந்த கோடு தெரிகிறதா, தலை மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். பலகைகளைப் பெரும்பாலோர் முதலில் மாற்றுகிறார்கள், கண்ணுக்குத் தெரிவதால். துறை விழுவது போல்ட்டும் தூணும் போவதால்.

படகுத் தூக்கியின் கம்பிவடத்தைத் துணியால் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். அறுந்த இழை இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். கப்பியைச் சுற்றும் பகுதியில்தான் இழை முதலில் அறும். உப்புநீரில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வடத்தை மாற்றிவிடுவது நல்ல வழக்கம். தூக்கியில் நிற்கும் படகின் வடிகால் அடைப்பானைக் கழற்றியே வையுங்கள். 20 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட பரப்பில் 4 அங்குல மழை தேங்கினால் எடை 3,300 பவுண்டு கூடும்; புளோரிடாவின் ஒரு மாலை மழைக்கு அது பெரிய அளவில்லை.

சோதனையில் கண்டதைத் தூண் வாரியாக எண்ணிட்டு, படத்துடன் எழுதி வையுங்கள். இந்தக் கோப்பின் பயன் கடைசிப் படியில் தெரியும்.

படி 8: அன்றாடப் பயன்பாட்டில் எல்லை அறிந்திருங்கள்

உங்கள் துறையின் மேல் ஏறாமல், படகில் இருந்தபடி தூண்களுக்கு அருகே தூண்டில் வீசுபவரை விரட்ட உங்களுக்கு உரிமை இல்லை. அந்தத் தண்ணீர் பொதுவானது. முறையாக மீன்பிடிப்பவருக்கு வேண்டுமென்றே இடையூறு செய்வது மாநிலச் சட்டப்படி குற்றம். துறையில் ஓரிடத்தை வேறொரு படகுக்கு வாடகைக்கு விடுவதும், தளத்தின் மேல் சுவர் எழுப்பி அறையாக்குவதும், வீட்டுத் துறைக்குக் கிடைத்த இசைவுக்குள் அடங்கா. வருமானம் வரும் பயன்பாட்டுக்குக் குத்தகை வேண்டும். தண்ணீரைச் சாராத கட்டடத்துக்கு மாநில நீரடி நிலத்தில் பொதுவாக இடமே இல்லை.

மேனட்டிக்குக் கீரை போடுவதும் குழாய்நீர் காட்டுவதும் அன்பினால் செய்வதாயினும் குற்றம். படகுகள் நிற்கும் இடத்துக்கே அது பழகி, விசிறியில் அடிபடும். மீன் கழுவும் மேடையிலிருந்து முள்ளும் தலையும் கூழைக்கடாவுக்கு வீசாதீர்கள். பெரிய மீனின் முள் அதன் தொண்டைப்பையைக் கிழித்துவிடும். அறுந்த தூண்டில் நரம்புக்குத் துறையிலேயே ஒரு மூடிய குப்பி வையுங்கள்.

படி 9: புயலுக்கு முன்னும் பின்னும்

புயற்காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் கரையேறியபோது ஃபோர்ட் மயர்ஸ் கடற்கரைப் பகுதியில் கடல் பத்தடிக்கும் மேல் பொங்கியது. 2024 இல் ஹெலீனும் மில்டனும் இரண்டே வார இடைவெளியில் வந்தன. இத்தகைய எழுச்சியில் தூக்கியில் உயர்த்தி வைத்த படகு மிதந்து கிளம்பி, தூக்கியையும் துறையையும் அண்டை வீட்டுக் கண்ணாடியையும் உடைக்கும். எனவே முன்னறிவிப்பு வந்தவுடன் படகை உள்நாட்டு மேட்டுநிலத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்கான இடத்தை மே மாதத்திலேயே பேசி வைக்க வேண்டும். புயல் பெயர் பெற்ற பிறகு தேடினால் கிடைக்காது. நாற்காலி, பெட்டி, குழாய் எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுத்து, துறையின் மின்சாரத்தை முதன்மைப் பெட்டியில் துண்டியுங்கள். அலை கீழிருந்து தளத்தைத் தூக்குவதால், பலகைகளைத் திருகு கழற்றி எடுத்துவிடும் வகையில் அமைத்திருப்பவர்கள் சட்டத்தைக் காப்பாற்ற முடிகிறது.

அமெரிக்க ஒன்றிய அரசின் வெள்ளக் காப்பீடு துறைகளுக்கும் கடற்சுவர்களுக்கும் இழப்பீடு தராது. வீட்டுக் காப்பீட்டில் ‘பிற கட்டமைப்புகள்’ என்ற தலைப்பில் துறை சேர்ந்திருக்கலாம். அதிலும் வெள்ளமும் அலையும் விலக்கப்பட்டிருக்கும். முகவரிடம் இந்த ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

புயல் ஓய்ந்த பின் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருப்பதை உறுதி செய்யாமல் துறையில் கால் வைக்கக்கூடாது. படம் எடுங்கள், மிதந்து போன பலகைகளைத் தேடி ஒதுக்குங்கள். அதே இடத்தில், பழைய அளவை மீறாமல், மண் கொட்டாமல் செய்யும் பழுதுபார்ப்புக்கும் மறுகட்டுமானத்துக்கும் மாநில அனுமதி விதிகளில் விலக்கு உண்டு. பேரழிவுக்குப் பின் மாநிலத் துறை அவசர ஆணைகளை வெளியிட்டு இதை இன்னும் எளிதாக்குவதும் வழக்கம். ஆனால் துறை பயன்பாட்டில் இருந்தது என்பதையும், அது செயலிழந்தது கடந்த 12 மாதங்களுக்குள் நேர்ந்த குறிப்பிட்ட ஒரு நிகழ்வால் என்பதையும் நீங்கள் காட்ட வேண்டும். ஆண்டுச் சோதனையின் படங்களும் தூண் வாரியான குறிப்புகளும் அனுமதி வரைபடமும் அங்கேதான் சான்றாக நிற்கும். உள்ளூர்க் கட்டட அனுமதிக்கு அப்போதும் விலக்கு கிடையாது; கதவைத் தட்டி உடனே கட்டித்தருவதாகச் சொல்லும் ஒப்பந்தக்காரர் அது தேவையில்லை என்றால், அவரை அனுப்பிவிட்டு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.